விற்கப்பட்ட நாளை

மன்னார்த் தீவிலுள்ள பள்ளிமுனைக்கு விடுமுறைப் பயணிகள் வருவது, அராபிய வணிகர் நட்டதாகச் சொல்லப்படும் பெருக்கமரத்தைக் காண்பதற்காக. ஆனால் விடுமுறை என்பதையே அறியாத இலட்சக்கணக்கான ஏழை மக்களும் மன்னார்க் கரையில் வந்து இறங்கியிருக்கிறார்கள். இன்றைய பயணிக்கு விரிக்கப்படும் ஒரு வலையை விளங்கிக்கொள்ள அம்மக்களின் வரலாறு உதவும்.

அந்த வலையின் பெயர் ‘டைம்ஷேர்’. உல்லாச விடுதியொன்றில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையைப் பல்லாண்டுகளுக்கு முன்கூட்டியே விற்கும் வணிகம் அது. 1960களில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் முளைத்து, அமெரிக்காவில் பெருகி, 1980களில் இந்தியாவுக்கும் வந்தது. ஓய்வுக்கு வந்த தம்பதியரைப் பரிசு தருவதாகக் கூறி அழைப்பார்கள். ஒரு மணி நேரப் பேச்சு மூன்று மணி நேரமாக நீளும். ஒருவர் பேசி ஓய்ந்தால் இன்னொருவர் வந்து அமர்வார். ‘இந்த விலை இன்று மட்டுந்தான்’ என்பார்கள். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்பதை மட்டும் அனுமதிக்க மாட்டார்கள். ஆண்டுதோறும் கட்டவேண்டிய பராமரிப்புச் செலவு பிறகுதான் உறைக்கும்.

இக்கலை புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கத் தமிழகக் கிராமங்களுக்குச் சென்ற கங்காணி இதில் கைதேர்ந்தவன். அவன் அந்நியனல்லன், பெரும்பாலும் அதே ஊரான், உறவினன். ஆகவே அவன் சொல் எடுபட்டது. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று அவர்கள் ஆசை காட்டியதாக மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். கையில் முன்பணத்தை வைத்தான். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சம் போன்ற காலங்களில், யோசித்துச் சொல்கிறேன் என்று எந்தத் தகப்பனால் சொல்ல முடியும்?

தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் மடிந்தவர் பலர். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் ஓடத் தொடங்கிய பின்னும் கடன் உடன் வந்தது. முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் கணக்கில் ஏறின. அக்கடனைக் குறித்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அக்கடனைத் தீர்க்க இன்னொரு தோட்டம் முன்வந்தாலன்றி அவன் இடம் மாற இயலாது. கங்காணிக்கோ வேலைக்கு வந்த தலைகளை எண்ணித் தலைக்காசு கிடைத்தது. துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

வயிறு நிறைந்த பயணியையும் பசித்த குடியானவனையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. முன்னவன் இழப்பது சேமிப்பை. பின்னவன் இழந்தது வாழ்வை. எனினும் இருவரிடமும் விற்கப்பட்டது கண்ணால் காணாத நாளை. இருவரிடமிருந்தும் பறிக்கப்பட்டது சிந்திக்கும் அவகாசம். விற்றவனுக்குக் கிடைத்ததோ ஆளுக்கு இவ்வளவு என்ற கூலி.

ஐரோப்பிய ஒன்றியம் இதை உணர்ந்து, கையொப்பமிட்டவர் காரணம் கூறாமலே விலகிக்கொள்ள 1994இல் பத்து நாட்களும், 2008இல் பதினான்கு நாட்களும் வழங்கிச் சட்டம் செய்தது. பறித்த அவகாசத்தைத் திருப்பித் தருவதே அதன் சாரம். மன்னார்க் கரையில் இறங்கியவர்களுக்கு அப்படி ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. அவர்களின் வழித்தோன்றல்களோ, 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், அதே தலைமன்னார்த் துறை வழியாகக் கப்பலேற்றப்பட்டனர். அப்போதும் அவர்களின் சம்மதத்தைக் கேட்டு எவரும் ஒப்பந்தம் எழுதவில்லை.