திண்ணை ஏறாத டிரம்பெட்

மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டவுடன், வேலூர்க் கோட்டை, 1806 என்று எழுதி அனுப்பிவிடுவேன் என்றுதான் நண்பர்கள் நினைத்திருப்பார்கள். கோட்டையைப் பற்றி நம்ம ஆட்களே நிறைய எழுதியாகிவிட்டது. நான் எடுத்துக்கொண்டது, அந்த மாதிரிக் கோட்டைகளுக்குப் பட்டாளத்தோடு வந்து இறங்கிய பித்தளை வாத்தியங்களை.

என் சொந்த ஊர் ஒடுகத்தூர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஜவ்வாது மலை அடிவாரம், வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர் போனது. அங்கே ஒரு பையன் வயலினோ மிருதங்கமோ கத்துக்கணும்னு சொன்னால், வீட்டில் சந்தோஷப்பட்டு வேலூரில் வாத்தியார் தேடுவார்கள். அதே பையன் டிரம்பெட் கத்துக்கணும்னு சொன்னால், "ஏண்டா, பேண்டு செட்டுக்குப் போகப் போறியா?" என்றுதான் முதல் கேள்வி வரும். வயலினும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான், டிரம்பெட்டும் அவன் கொண்டுவந்ததுதான். ஒன்று பூஜை அறை வரை போயிற்று, இன்னொன்று வாசலோடு நின்றுவிட்டது. ஏன்?

ஊதுவது நமக்குக் கேவலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொம்பும் எக்காளமும் திருச்சின்னமும் கோயிலில் சுவாமிக்கு முன்னால் போகிறவை. நாதஸ்வரம் இல்லாமல் தாலி ஏறுவதில்லை. ஆகவே எச்சில், தீட்டு என்று மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. என் அபிப்பிராயத்தில் காரணத்தின் பாதி அந்தக் குழாய்க்குள்ளேயே இருக்கிறது.

வயலின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர், 1786இல் பிறந்தவர். மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் மூன்று வருஷம் வயலின் பாடம் கேட்டார். இன்றைக்கு டியூஷன் என்கிறோமே, அதேதான். பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக விளங்கினார். அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதரும் கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார். நோட்டு ஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்களே, அவைதான்.

பேண்டைக் காது கொடுத்துக் கேட்ட அதே குடும்பம், பேண்டில் இருந்த பித்தளையை ஏன் கையில் எடுக்கவில்லை? எடுத்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது ஐயா! அந்தக் காலத்துப் பியூகிளில் ஓட்டை கிடையாது, பொத்தான் கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதினால் ச, ப, மேல் ச, க, ப என்று ஐந்தாறு ஒலி வரும், அவ்வளவுதான். ரி எங்கே, ம எங்கே, த எங்கே? இழுத்து ஊதும் டிராம்போன் மாதிரி ஒன்றிரண்டு தவிர, மற்றவற்றில் மாயாமாளவகௌளை சரளி வரிசையே வாசிக்க முடியாது.

ஜெர்மனியில் ஸ்டோல்ஸல், ப்ளூமெல் என்ற இருவர் வால்வுக்கு உரிமை வாங்கியது 1818இல். அதன் வழியில் வந்ததுதான் மூன்று வால்வு டிரம்பெட். முதல் வால்வை அமுக்கினால் ஒரு முழு இடைவெளி இறங்கும், இரண்டாவது அரை, மூன்றாவது ஒன்றரை. மூன்றையும் சேர்த்தும் பிரித்தும் அமுக்கினால் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானமும் வந்துவிடும். அது நம் பக்கம் புழக்கத்துக்கு வருவதற்குள் வயலின் கச்சேரி மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஒரு தலைமுறை தாமதம், ஜாதகமே மாறிவிட்டது.

வந்த பிறகும் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே இருந்தார்கள்? பட்டாளத்தில், அரண்மனையில், மிஷன்களில். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798 முதல் 1832 வரை) மேனாட்டு பேண்டு வைத்திருந்தார். 1882இல் பம்பாயில் வந்து இறங்கிய சால்வேஷன் ஆர்மிக்காரர்கள் தெருவில் ஊதிக்கொண்டே பிரசங்கம் செய்தார்கள். மீரட்டில் 1885இல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனி பேண்டு வாத்தியங்களுக்குப் பேர் வாங்கிற்று. உள்ளூர்ச் சரக்கு வந்ததால்தான் சாதாரண ஆட்களும் நாலு வாத்தியம் சேர்த்துக் கல்யாண ஊர்வலத்துக்குப் போக முடிந்தது.

இந்த பேண்டு செட்டுகளைத்தான் நான் டிரம்பெட் பள்ளிக்கூடம் என்பேன். போர்டு கிடையாது, சிலபஸ் கிடையாது. பையன் முதலில் ஜால்ரா தட்டுவான், அப்புறம் டிரம், அப்புறம்தான் ஊதுகிற வாத்தியம். மாமன், சித்தப்பா யாராவது சொல்லித்தருவார்கள். நொட்டேஷன் பார்த்து வாசிப்பவர்களும் உண்டு, சினிமாப் பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் விரலுக்குக் கொண்டுவருபவர்களும் உண்டு. மாப்பிள்ளை அழைப்பில் ஒரு மணி நேரம் நடந்துகொண்டே ஊதிப் பாருங்கள், அப்போது தெரியும் அது என்ன வித்தை என்று. ஆனால் மண்டப வாசலோடு அவர்கள் வேலை முடிந்தது. உள்ளே மேடையில் நாதஸ்வரக்காரர் இருப்பார். பேண்டுக்காரருக்குச் சாப்பாடு கடைசிப் பந்தி. இது எல்லோரும் பார்த்ததுதான், யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த வாத்தியார்களின் பெயரும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. பாலுஸ்வாமிக்குச் சொல்லிக்கொடுத்த ஐரோப்பியர் விஷயமும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்பது வேறு விஷயம்!

கமகம் வராது என்பது வித்வான்கள் சொல்லும் குறை. நியாயம்தான். நாதஸ்வரத்தில் விரலைப் பாதி மூடி ஸ்வரத்தை வழுக்கலாம், வால்வில் அது சுலபமில்லை. ஆனால் முடியவே முடியாது என்று தீர்ப்பு எழுதுமுன் கத்ரி கோபால்நாத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1949இல் பிறந்தவர், தந்தை நாதஸ்வரக் கலைஞர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோன் கேட்டு மயங்கினார். அதற்கு உடம்பு பித்தளை, நாணல் வைத்து ஊதுவதால் கணக்குப்படி மரக்காற்று வகை. என்றாலும் வந்த வழி பேண்டு வழிதான். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பாடம். 1994இல் லண்டன் பி.பி.சி. ப்ராம்ஸ் மேடை, 2004இல் பத்மஸ்ரீ. 2019இல் காலமானார். சாக்ஸபோனோடு வந்த பையனை "இது பேண்டு சாமான், வெளியே வை" என்று சொல்லாமல் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த குருமார்களுக்கும் இதில் பங்கு உண்டு. டிரம்பெட்டுக்கு அந்த மாதிரித் திண்ணை எத்தனை கிடைத்தது?

இப்போது வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. சென்னையில் 1842இல் மிஸ்க்வித் தொடங்கி, மியூசி மியூசிக்கல் என்று பெயர் மாறிய கடை வழியாக லண்டன் ட்ரினிட்டி காலேஜ் பரீட்சை எழுதலாம், எட்டு கிரேடு. ஆனால் அதற்கு முன்னால் ஊதக் கற்றுத்தர ஒரு ஆள் வேண்டுமே! நம்ம பக்கத்தில் கேட்டுப் பார்த்தால், பட்டாள பேண்டிலோ போலீஸ் பேண்டிலோ இருந்து ஓய்வு பெற்ற யாரையாவதுதான் கை காட்டுவார்கள். இவர்களில் கண்டிப்பானவர்கள் வாத்தியத்தைச் சட்டென்று கையில் தரமாட்டார்கள். வாய் வைத்து ஊதும் சின்னக் கிண்ணத்தை மட்டும் கொடுத்து, உதடு துடிக்கப் பழக்குவார்கள். கன்னம் உப்பக்கூடாது, மூச்சு வயிற்றிலிருந்து வரணும், ஒரே ஸ்வரத்தை ஆடாமல் அசையாமல் நிறுத்தணும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். ஒடுகத்தூர்ப் பையனுக்கு அந்தக் கவலை வேண்டாம், மலைப்பக்கம் போய் ஊதிவிட்டு வரலாம்.

நம் கல்லூரி என்.சி.சி. பேண்டில் ஊதியவர்கள் இந்தச் சந்திப்புக்கு வந்திருப்பீர்கள். யாரிடம் கற்றீர்கள், மாதம் என்ன கொடுத்தீர்கள், அவர் எந்த பேண்டில் இருந்தவர் என்று ஒரு இன்லண்டு லெட்டரிலாவது எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். வாத்தியாரின் முழுப்பெயரும் ஊரும் மறக்காமல் எழுதவும்.