க்ரூஸ் கன்ட்ரோல்: கண் தெரியாத ஒருவர் தொடங்கிய கதையும் அதற்குப் பிறகு நடந்ததும்

இந்த செமஸ்டரில் எங்களுக்கு பிசினஸ் லா இருக்கிறது. அதில் ஏஜென்சி என்று ஒரு பாடம். முதலாளி சொன்னபடிதான் ஏஜென்ட் வேலை செய்யணும். சொன்னதை மீறிச் செய்து நஷ்டம் வந்தால் அந்த நஷ்டம் ஏஜென்ட் தலையில் (1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம், பிரிவு 211. கிளாஸ் மக்கள் எல்லாம் குறித்துக்கொள்ளவும், வந்தாலும் வரும்).

இதைப் படிக்கவேண்டிய வாரத்தில் இதைப் படிக்காமல் நான் பார்த்துக்கொண்டிருந்தது, அமெரிக்காவில் தானே ஓடும் கார்களைப் பற்றிய வீடியோக்கள். கார் தானாகத் திரும்புகிறது, சிக்னலில் நிற்கிறது, ஆள் குறுக்கே வந்தால் வழி விடுகிறது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் அதைப் பற்றியெல்லாம் பேசவே மாட்டேன் என்கிறார். அவர் புலம்பல் பெரும்பாலும் வேகத்தைப் பற்றித்தான். காலி ரோட்டில் உருட்டுகிறது, பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிக்கிறான். இல்லாவிட்டால் நான் சொன்னதைவிட வேகமாகப் போகிறது. ஸ்டியரிங்கையே கொடுத்துவிட்ட மனுஷனுக்கு ஐந்து மைல் கூடக் குறைய ஆனால் ஏன் இவ்வளவு கோபம்?

கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். சண்டை ரொம்பப் பழசு.

1923-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் ஒரு மனு கிளம்பியது. ஊரில் ஓடும் ஒவ்வொரு காரிலும் மணிக்கு 25 மைலுக்கு (சுமார் 40 கிலோமீட்டர்) மேல் போகமுடியாதபடி ஒரு கவர்னர் பூட்டவேண்டும் என்று. கார் மோதிக் குழந்தைகள் சாகிற காலம். 42,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள். கார் வியாபாரிகள் பதறிப்போய் எதிர்ப்பிரசாரம் செய்தார்கள். நவம்பரில் ஓட்டெடுப்பு நடந்தது, மனு படுதோல்வி. என் வண்டியின் வேகத்தை ஊர் முடிவு செய்யக்கூடாது என்பதுதான் ஜனங்களின் பதில்.

அப்புறம் வருகிறார் நம்ம ஹீரோ, ரால்ஃப் டீட்டர். 1890-ல் பிறந்தவர். ஐந்து வயதில் கத்தியை வைத்து எதையோ நெம்பப்போய் விபத்து, இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அத்தோடு அவர் மூலையில் உட்காரவில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு கார் செய்தார். 1912-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கினார். முதல் உலகப்போர் சமயத்தில் போர்க்கப்பல் டர்பைன்களின் ரோட்டரை அதிர்வில்லாமல் சமன்செய்வது பெரிய தலைவலியாக இருந்ததாம். இவர் விரலால் தொட்டுப்பார்த்தே அதைச் சரிசெய்தார். பிறகு இண்டியானாவில் பிஸ்டன் ரிங் தயாரிக்கும் பெர்ஃபெக்ட் சர்க்கிள் கம்பெனியில் வேலை பார்த்து, கடைசியில் அதன் தலைவராகவே ஆனார். 1936-ல் அமெரிக்க ஆட்டோமொபைல் இன்ஜினியர்கள் சங்கத்துக்கும் தலைவர். (கண் நன்றாகத் தெரிந்தும் டேலி பண்ணத் தெரியாத நான் இதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.)

டீட்டரால் ஓட்டமுடியாது, எப்போதும் பக்கத்து சீட்தான். அவருடைய வக்கீல் ஹாரி லிண்ட்சே அடிக்கடி வண்டி ஓட்டுவார். லிண்ட்சேவுக்கு ஒரு பழக்கம். தான் பேசும்போது வேகம் குறையும், டீட்டர் பேசும்போது கூடும். வண்டி குலுங்கிக் குலுங்கிப் போகும். தன் கால் இப்படிச் செய்கிறது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. உடம்பால் வேகத்தை அளக்கிற டீட்டருக்குத் தெரிந்தது, எரிச்சலும் வந்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலையும் டயரையும் மிச்சம் பிடிக்க அரசாங்கம் 35 மைல் வேக வரம்பு வைத்தபோது, ஒரே வேகத்தில் ஓட்ட ஒரு கருவி இருந்தால் நல்லது என்ற எண்ணம் இன்னும் உறுதியானது. 1945-ல் பேட்டன்ட்டுக்கு மனு போட்டார், 1950-ல் கிடைத்தது.

அந்தக் கருவி வேலை செய்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டேஷ்போர்டில் ஒரு வேகத்தை நீங்களே வைத்துவிடுவீர்கள். வண்டி அந்த வேகத்தைத் தொட்டதும் ஆக்சிலேட்டர் பெடல் உங்கள் காலைப் பின்னோக்கித் தள்ளும். "நீ சொன்ன இடம் வந்தாச்சு" என்று காலுக்குச் சொல்லும், அவ்வளவுதான். அதையும் மீறிப் போகணுமா, அழுத்தி மிதித்தால் போகும். வேகத்தைப் பூட்டிவைத்து, பிரேக்கைத் தொட்டதும் விடுபடுகிற வசதியும் சேர்ந்துகொண்டது. கன்ட்ரோல்மேட்டிக், டச்சோமேட்டிக், பிரெஸ்ஸோமேட்டிக் என்று சர்பத் கடைப் பெயர் மாதிரி என்னென்னவோ பெயர்களை யோசித்துவிட்டு ஸ்பீடோஸ்டாட் என்று வைத்தார்கள். 1958 மாடலில் கிறைஸ்லர் கம்பெனி அதைத் தன் இம்பீரியல் போன்ற உயர்ரகக் கார்களில் கொடுத்தது. கிறைஸ்லர் வைத்த பெயர் என்ன தெரியுமா? ஆட்டோ பைலட்! காடிலாக் வைத்த க்ரூஸ் கன்ட்ரோல் என்ற பெயர்தான் கடைசியில் நிலைத்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு நாடு முழுக்க 55 மைல் வரம்பு வந்ததும் கருவிக்கு நல்ல கிராக்கி. டீட்டர் 1982-ல் காலமானார்.

சின்சினாட்டியில் பிடிக்காதது இங்கே எப்படிப் பிடித்தது? நான் புரிந்துகொண்டது இதுதான். கவர்னர் என்றால் எண்ணை ஊர் சொல்லும். டீட்டரின் கருவியில் எண்ணை ஓட்டுகிறவர் சொல்வார், இயந்திரம் கேட்கும். பிரிவு 211-க்கு இதைவிட யோக்கியமான ஏஜென்ட் கிடையாது.

முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் க்ரூஸ் கன்ட்ரோல் 1990-களில் வந்தது. மிட்சுபிஷி, மெர்சிடிஸ் எல்லாம் கொடுத்தார்கள். அப்போதும் உச்ச எண் ஓட்டுகிறவர் கையில்தான்.

அடுத்தது கூகுள். 2014-ல் அதன் தலைமை மென்பொருள் இன்ஜினியர் டிமிட்ரி டோல்கோவ் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டார். சுற்றி எல்லோரும் வரம்பை மீறிப் போகும்போது நாம் மட்டும் மெதுவாகப் போவதும் ஆபத்து, அதனால் எங்கள் கார் வரம்புக்கு மேல் 10 மைல் வரை போகலாம் என்று வைத்திருக்கிறோம் என்றார். அடுத்த வருடமே, 2015 நவம்பரில், மவுன்டன் வியூவில் கூகுளின் குட்டி காரை ஒரு போலீஸ்காரர் ஓரங்கட்டினார். எதற்கு? 35 மைல் ரோட்டில் 24 மைலில் போய்ப் பின்னால் வண்டிகளை வரிசையாக நிற்கவைத்ததற்கு. அந்தக் குட்டி காருக்கு உச்சமே 25 மைல்தான், பாவம். அபராதம் போடவில்லை.

டெஸ்லா 2015 அக்டோபரில் ஆட்டோபைலட்டைத் திறந்துவிட்டது. மறுபடியும் 1958-ன் அதே பெயர். மூன்றே மாதத்தில், 2016 ஜனவரியில், இன்னொரு அப்டேட். நடுவே தடுப்பு இல்லாத ரோட்டில் வரம்புக்கு மேல் 5 மைல்தான் என்று அது கட்டிப்போட்டது. ஒரு காமர்ஸ் மாணவனாக இந்த இடத்தில் நின்று யோசிக்கத் தோன்றுகிறது. விற்றாகிவிட்டது, காசு வாங்கியாகிவிட்டது, சரக்கு வாங்கியவர் வீட்டு வாசலில் நிற்கிறது. ஆனாலும் விற்றவர் ராத்திரியோடு ராத்திரியாக அதை மாற்றலாம். இந்த மாதிரி வியாபாரத்தை எங்கள் பாடப்புத்தகம் இன்னும் பார்க்கவில்லை.

அதே 2016 மே மாதம் ஃபுளோரிடாவில் ஒரு டெஸ்லா, குறுக்கே வந்த லாரியின் அடியில் புகுந்தது. ஓட்டியவர் இறந்தார். வரம்பு 65 மைல், அவர் வைத்திருந்தது 74. 2018 மார்ச்சில் மவுன்டன் வியூவில் இன்னொரு விபத்து. இதைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். ஓட்டியவர் வைத்திருந்தது 75 மைல். முன்னால் ஒரு வண்டி போனதால் கார் அடங்கி, 62 மைலில் வந்துகொண்டிருந்தது. சாலை பிரியும் இடத்தில் கார் தன் கோட்டைவிட்டு விலகியது. இப்போது முன்னால் வண்டி இல்லை. உடனே, சொல்லிவைத்த 75-ஐப் பிடிக்க, வேகத்தைக் கூட்டியது. கான்கிரீட் தடுப்பின் முனையில் மோதும்போது சுமார் 71 மைல். ஓட்டியவர் இறந்துபோனார், அநேகமாகப் போன் விளையாட்டில் கவனம் போயிருக்கும் என்று விசாரணை அமைப்பு சொன்னது. வேக விஷயத்தில் இயந்திரம் சொன்னதைத்தான் செய்தது. அதுதான் படிக்கும்போது என்னவோ செய்கிறது.

பிறகு ஊர்ச்சாலையிலும் ஓடும் ஃபுல் செல்ஃப் டிரைவிங் வந்தது. அதில் ஸ்டாப் பலகையில் முழுசாக நிற்காமல் மணிக்கு 5.6 மைல் வரை உருண்டுகொண்டே கடக்கும் வசதி வைத்திருந்தார்கள். மனிதர்கள் செய்வதுதானே! 2022-ல் 53,822 கார்களில் அதை எடுக்கவேண்டியதானது. 2023-ல் 3,62,758 கார்களுக்கு இன்னொரு ரீகால். அதற்கான காரணங்களில் ஒன்று, வேக வரம்பு மாறும் இடத்தில் கார் சரியாக நடந்துகொள்ளவில்லை என்பது.

2024-ல் வந்த 12-வது பதிப்பில்தான் நான் பார்த்த புலம்பல்களின் வேர் இருக்கிறது. மனிதர்கள் ஓட்டிய வீடியோக்களைப் பார்த்துக் கற்ற நியூரல் நெட்வொர்க்கிடம் ஓட்டுவதைக் கொடுத்தார்கள். ரோட்டையும் டிராஃபிக்கையும் பார்த்து வேகத்தை அதுவே முடிவு செய்யும் ஒரு செட்டிங்கும் வந்தது. 2025 அக்டோபரில் 14-வது பதிப்பு. அதில் ஸ்லாத், சில், ஸ்டாண்டர்ட், ஹரி, மேட் மேக்ஸ் என்று ஐந்து விதம். தேவாங்கு மாதிரி மந்தமாகப் போவதில் ஆரம்பித்து, ரோட்டில் ஆளை அடித்து நொறுக்கும் சினிமாப் பெயரில் முடிகிறது. ஓட்டுகிறவர் இப்போது எண்ணைச் சொல்வதில்லை, ஒரு சுபாவத்தைத் தேர்ந்தெடுக்கிறார். எண்ணைக் கார் சொல்லும். மேட் மேக்ஸ் வரம்பை மீறிப் பறக்கிறது என்று பேச்சு கிளம்ப, அமெரிக்க சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. ஆனால் மென்பொருளின் பெயரிலேயே "மேற்பார்வையில்" என்ற சொல் 2024 முதல் ஒட்டியிருக்கிறது. அதாவது, வேகத்துக்கு டிக்கெட் வந்தால் அது உட்கார்ந்திருப்பவருக்கு.

கார் மெதுவாகப் போகிறதே என்று எரிச்சல் வந்தால் என்ன செய்வார்கள்? ஆக்சிலேட்டரை மிதிப்பார்கள். 2019 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் பழைய ஆட்டோபைலட்டோடு ஒருவர் அப்படித்தான் போனார். வைத்திருந்தது 45 மைல், கால் ஆக்சிலேட்டரில், போனது 60-க்கு மேல். கையிலிருந்து விழுந்த போனை எடுக்கக் குனிந்தார். ரோடு முடியும் சந்திப்பு, ஸ்டாப் பலகை, மினுக்கும் சிவப்பு விளக்கு எல்லாவற்றையும் தாண்டி, நிறுத்தியிருந்த ஒரு வண்டியில் மோதியது கார். அங்கே நின்றிருந்த இளம்பெண் இறந்தார், உடன் இருந்தவருக்குப் பலத்த காயம். ஓட்டுகிறவர் ஆக்சிலேட்டரை மிதித்தால் கார் தானாகப் பிரேக் போடாது என்பது கம்பெனித் தரப்பு வாதம். அழுத்தி மிதித்தால் ஓட்டுகிறவர் சொல்வதே முடிவு என்ற டீட்டர் காலத்து விதிதான் அது.

2025 ஆகஸ்டில் மயாமி ஜூரி தீர்ப்புச் சொன்னது. பொறுப்பில் ஓட்டியவருக்கு 67 சதவீதம், டெஸ்லாவுக்கு 33. மொத்த இழப்பீடு 12.9 கோடி டாலர், அதில் டெஸ்லாவின் பங்கு சுமார் 4.26 கோடி. அதோடு தண்டனைத் தொகையாகத் தனியே 20 கோடி. டெஸ்லா தீர்ப்பை எதிர்த்தது.

67-க்கு 33 என்று எப்படிப் பிரித்தார்கள் என்று ரெண்டு நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன். பார்ட்னர்ஷிப் கணக்கு என்றால் லாப விகிதம் கொடுத்திருப்பார்கள், போட்டுவிடலாம். இங்கே மிதித்த கால் ஒருவருடையது, அந்த மிதியை உத்தரவாக எடுத்துக்கொள்ளச் சொன்னது இன்னொருவர். லிண்ட்சே வக்கீலுக்காவது பக்கத்து சீட்டில் டீட்டர் இருந்தார்.

வெள்ளிக்கிழமை இன்டர்னல். பிரிவு 211-க்கு உதாரணமாகக் கீ லார்கோவை எழுதலாமா, இல்லை புத்தகத்தில் இருக்கிற பழைய உதாரணத்தையே எழுதிவிட்டு வரலாமா? லா படிக்கிற அண்ணன் அக்கா யாராவது இருந்தால் சொல்லுங்கள், அதில் முதலாளி யார், ஏஜென்ட் யார்?