கருவி செய்த கருவிகள்: எல்லையோர ஊர்களின் வில்லும் கிதார்ப் பட்டறையின் அச்சும்

தமிழில் ‘கருவி’ என்னும் சொல் இரண்டு பொருள்களை ஒருசேரச் சுமக்கிறது. தச்சன் கையிலுள்ள உளியும் கருவி; பாணன் கையிலுள்ள யாழும் கருவி. இசை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இரண்டாம் பொருளோடு நின்றுவிடுகின்றனர். இசைக்கருவியைச் செய்த கருவி எது, அதை யார் வைத்திருந்தார், அவருக்குப் பின் அது யாரிடம் போயிற்று என்னும் கேள்விகள் விடுபட்டுப்போகின்றன. இந்த விடுபடலின் விலை என்ன என்பதைப் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களின் வில்லிசை தெளிவாகக் காட்டுகிறது.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியில் திருத்தியமைக்கப்பட்டபோது, தென் திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே அன்று விழுந்த கோடு நிருவாகத்தைப் பிரித்தது. தெய்வங்களையும் கொடைவிழாக்களையும் பிரிக்கவில்லை. கோட்டின் கிழக்கே ‘வில்லுப்பாட்டு’ என்றும் மேற்கே ‘வில்லடிச்சான் பாட்டு’ என்றும் வழங்குவது ஒரே கலை. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையோடு கணியாகுளத்தில் பொருது மடிந்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதைப்பாடலைத் தமிழ் இலக்கிய வரலாறும் தன்னுடையது என்கிறது. மலையாளத்தின் ‘தெற்கன் பாட்டு’ மரபும் தன்னுடையது என்கிறது.

பாடல்களுக்கு இவ்வாறு இரு உரிமையாளர்கள் இருக்கின்றனர். ஏடுகள் அச்சேறின, ஆய்வேடுகள் எழுந்தன. 1988இல் வெளிவந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்னின் ஆங்கில நூல் வில்லுப்பாட்டின் பனுவலையும் நிகழ்த்துதலையும் இணைத்து ஆராய்ந்தது. எனினும் வில்லுப்பாட்டு ஆய்வில் பாட்டுக்கும் சடங்குக்கும் கிடைத்த இடம் வில்லின் செய்முறைக்குக் கிடைத்ததில்லை. பாட்டைத் தாங்கும் வில் எவ்வாறு உருவாகிறது என்பதிலிருந்து தொடங்கினால் வேறொரு வரலாறு புலப்படும்.

வில்லின் அமைப்பு எளிது. ஏறத்தாழ ஓர் ஆளைவிட நீண்ட வளைந்த கதிர். அதன் இரு முனைகளையும் இணைக்கும் முறுக்கேறிய தோல் நாண். கதிர் நெடுகத் தொங்கும் மணிகள். வைக்கோற்புரியின் மேல் அமர்த்திய மண்குடத்தின் கழுத்தில் வில்லின் நடுப்பகுதி கட்டப்படுகிறது. புலவர் வீசுகோலால் நாணை அடிக்கும்போது, குடக்காரர் தட்டையான பத்தியால் குடத்தின் வாயை அறைகிறார். உடுக்கையும் தாளமும் கட்டையும் துணை நிற்கின்றன. தனித்த நாணின் அதிர்வு காற்றை மிகக் குறைவாகவே அசைக்கும். கூட்டத்தின் கடைசி வரிசைவரை செல்லும் கனத்தைத் தருவது குடத்தினுள் அடைபட்ட காற்று. நரம்பும் உள்ளீடற்ற உடலும் சேர்ந்து ஒரு கருவியாகும் அடிப்படை இலக்கணம் இங்கேயும் உண்டு. வீணைக்கும் கிதாருக்கும் உரிய இலக்கணமும் இதுவே.

வில்லின் கதிருக்கு வைரம் பாய்ந்த பனையே மரபான மரம், மூங்கிலும் பயன்படும். முதிர்ந்த பனையின் புறவட்டம் இரும்பை நிகர்த்த நார்களால் ஆனது. உட்பகுதி மென்மையான சோறு. கோடரியால் பிளந்து, சோற்றை நீக்கி, வாய்ச்சியால் செதுக்கி, இழைப்புளியால் இழைத்து, அரத்தால் முனை திருத்தும் இந்த வேலைகள் தென் திருவிதாங்கூரின் தச்சருக்குப் புதியவை அல்ல. கூரைக்குக் கைமரமும் வரிச்சும் செய்யும் அதே கருவிகளே இங்கும் போதும்.

குடத்தின் கதை இன்னும் சுவையானது. சக்கரத்தில் கழுத்தும் தோளும் எழுகின்றன. சற்று உலர்ந்த கலத்தின் உள்ளே வழவழப்பான கல்லையோ சுட்ட மண்குமிழையோ ஒரு கையால் பிடித்து, மறு கையால் வெளியே மரப்பலகை கொண்டு தட்டித் தட்டி அடியை மூடுகின்றனர், சுவரை மெலிதாக்குகின்றனர். கல்லுக்கும் பலகைக்கும் இடையே எஞ்சும் மண்ணின் கனமே குடத்தின் ஒலியைத் தீர்மானிக்கிறது. அந்தக் கனத்தை எந்த அளவுகோலும் அளப்பதில்லை. கையின் உணர்வும் தட்டொலியுமே அளக்கின்றன.

இவ்வாறு பார்த்தால், வில்லுக்கென்று தனிப்பட்டறை ஒன்று தேவைப்படவில்லை என்பது விளங்கும். தச்சர் கதிரைத் தருகிறார். குயவர் குடத்தைத் தருகிறார். தோலையும் மணியையும் வேறு கைகள் தருகின்றன. கருவியைப் பற்றிய அறிவு ஓர் ஊரின் பல தொழில்களில் சிதறிக் கிடக்கிறது. இந்த நிலையின் வலிமையையும் ஆபத்தையும் உணர, இதற்கு நேர்மாறான ஒரு பட்டறையைப் பார்ப்பது உதவும். உள்ளீடற்ற உடலுடைய கிதாரைச் செய்யும் அமெரிக்கப் பட்டறை அத்தகையது.

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் ஆர்வில் கிப்சன், வயலினைப்போல் மேற்பலகையைக் குடைந்து வளைவாகச் செதுக்கும் முறையை மாண்டலினுக்கும் கிதாருக்கும் கொண்டுவந்தார். 1898இல் மாண்டலினுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரில் 1902இல் எழுந்த நிறுவனம் 1922இல் எல்-5 என்னும் கிதாரை வெளியிட்டது. லாய்ட் லோர் வடிவமைத்த அதன் மேற்பலகையில் வயலினுக்குரிய இரட்டைத் துளைகள் இருந்தன.

இத்தகைய கிதாரைச் செய்யும் பட்டறையில் இசைக்கருவிகளைவிட அதிகமாகக் கண்ணில் படுபவை அச்சுகள். ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள பக்கப்பலகையை நனைத்து, சூடேறிய இரும்புக் குழாயின் மேல் அழுத்தி வளைக்கின்றனர். வளைந்தது மீண்டும் நிமிராதபடி, கிதாரின் இடைவடிவில் வெட்டிய மரச்சட்டத்துக்குள் பூட்டுகின்றனர். மேற்பலகையைக் குடைவதற்கு முன் துளைப்பானை ஒரு தாங்கியில் பொருத்துகின்றனர். கீழே உருண்டை முனையுள்ள முளை. மேலே குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும் துளைப்பான். பலகையை இடையில் நகர்த்தி நகர்த்திப் பல துளைகள் இட்டால், எல்லாத் துளையின் அடியிலும் ஒரே தடிப்பு மிஞ்சும். பிறகு நகவுளியால் துளைகளின் அடிமட்டம்வரை செதுக்கி, விரலளவுள்ள பித்தளை இழைப்புளியால் மெருகேற்றினால் போதும்.

பட்டறை மொழியில் ‘ஜிக்’ எனப்படும் இத்தகைய அமைப்புகளின் அடிப்படைத் தத்துவம் ஒன்றே. அவை அளப்பதில்லை, தவற்றைத் தடுக்கின்றன. ஒருமுறை எடுத்த முடிவை மறுமுறை எடுக்கத் தேவையில்லாமல் செய்கின்றன. குயவரின் உட்கல்லும் புறப்பலகையும் செய்யும் வேலையையே கிதார்த் தச்சரின் முளையும் துளைப்பானும் செய்கின்றன. இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஓர் உடலின் சுவர்த்தடிப்பைத் தீர்மானிப்பதே அந்த வேலை. குயவரிடம் அந்த முடிவு ஒவ்வொரு தட்டிலும் புதிதாக எடுக்கப்படுகிறது. கிதார்ப் பட்டறையில் அது இரும்பில் உறைந்திருக்கிறது.

மெட்டுகளைப் பதிக்கும் சட்டத்தில் இந்த உறைதல் முழுமை பெறுகிறது. 1581இல் வின்சென்சோ கலிலேய் பரிந்துரைத்த 18:17 என்னும் விகிதம் நெடுங்காலம் மெட்டிடும் கைவினைஞரின் விதியாக இருந்தது. இன்றைய கணக்கில் அந்த எண் 17.817. நரம்பின் நீளம் 648 மில்லிமீட்டர் என்றால் முதல் மெட்டு ஏறத்தாழ 36.4 மில்லிமீட்டரில் விழும். எஞ்சிய நீளத்தை அதே எண்ணால் மீண்டும் வகுத்தால் அடுத்த மெட்டின் இடைவெளி கிடைக்கும். இந்தக் கணக்கை ஒருவர் ஒருமுறை செய்து ஓர் உலோகப் பட்டையில் வெட்டிவைத்தால், கணக்கு அறியாத மற்றொருவரும் நூறு கிதார்களுக்குப் பிழையின்றி மெட்டிடலாம்.

1949இல் வந்த இ.எஸ்.-175 என்னும் கிதாரில் செதுக்கும் வேலையே பெருமளவு நீங்கியது. மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி, வளைந்த அச்சில் அழுத்தி மேற்பலகை உருவாக்கப்பட்டது. கைவினைஞரின் கையிலிருந்த வளைவு அச்சுக்கு இடம் பெயர்ந்தது. 1984இல் கிப்சன் நிறுவனம் கலமசூ ஆலையை மூடியபோது, அங்கேயே நிற்க விரும்பிய பழைய பணியாளர் சிலர் அந்தக் கட்டடத்திலேயே மறு ஆண்டு ஹெரிடேஜ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஆலையின் பழைய எந்திரங்கள் சிலவும் அவர்களிடம் வந்தன. ஆளும் கட்டடமும் கருவியும் ஓரிடத்தில் நின்றதால் பெயர் மாறிய பின்னும் தொழில் தொடர்ந்தது.

சிதறிய அறிவுக்கும் உறைந்த அறிவுக்கும் இடையில் ஒரு நடுநிலை உண்டு. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை அதற்குச் சான்று. ஒரே பலாமரத் துண்டில் குடமும் தண்டியும் குடைந்தெடுக்கப்படும் ‘ஏகாண்ட’ வீணையில் தச்சரின் வாய்ச்சியும் உளியும் முதன்மைக் கருவிகள். ஆனால் அதன் 24 மெட்டுகளும் மரத்தில் வெட்டிப் பதிக்கப்படுவதில்லை. தண்டியின் மேலுள்ள மெழுகுப் படுகையில் ஒவ்வொரு மெட்டையும் செவியால் கேட்டுக் கேட்டு நகர்த்தி அமர்த்துகின்றனர். ‘மேளம் கட்டுதல்’ என்னும் இந்த வேலையில் உலோகச் சட்டத்தின் இடத்தைச் செவி எடுத்துக்கொள்கிறது. மெழுகு இளகினால் மீண்டும் கட்டவேண்டும். அதற்குக் கட்டத் தெரிந்த ஒருவர் உயிரோடு இருக்கவேண்டும். கிதாரின் மெட்டுச்சட்டம் அத்தகைய நிபந்தனை எதையும் விதிப்பதில்லை.

அந்த ஒருவர் இல்லாமற்போனால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழிலேயே விடை உண்டு. பொருநராற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் ஆகிய மூன்றும் யாழின் பத்தர், போர்வை, கோடு, திவவு, நரம்பு முதலிய உறுப்புகளை உவமை வழியே நுட்பமாக வருணிக்கின்றன. யாழ் வழக்கொழிந்த பின் பெயர்கள் நின்றன, உவமைகளும் நின்றன. ஆனால் உவமையிலிருந்து சுவர்த்தடிப்பை மீட்க இயலாது. அறிவியலும் கணக்கும் பயின்ற விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிடவேண்டியிருந்தது இதனால்தான். சுருதிகளின் விகிதங்களிலிருந்து நரம்புகளையும், நூற்சான்றுகளிலிருந்து வடிவத்தையும் அவர் மீட்டெடுக்க முயன்றார். ஒரு பழைய யாழ்த்தச்சனின் ஒரேயொரு அச்சுப்பலகை கிடைத்திருந்தால் அந்த உழைப்பின் பெரும்பகுதி வேறு திசையில் சென்றிருக்கும்.

எல்லையோர வில்லின் நிலை யாழைவிட நல்லது, வீணையைவிட நலிந்தது. வீணைக்குத் தஞ்சாவூரில் அதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் உண்டு. வில்லுக்கு அத்தகைய மையம் இல்லை. தொழில்கள் பல அருகருகே வாழ்ந்தவரை இது வலிமையாக இருந்தது. குடம் உடைந்தால் அடுத்த சந்தையில் வேறு குடம் கிடைத்தது. தட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டனர். கூரைகள் ஓட்டுக்கும் காங்கிரீட்டுக்கும் மாறியபோது பனங்கைமரம் இழைக்கும் வேலை அருகியது. உலோகக் கலங்கள் வந்தபோது குயவரின் சந்தை சுருங்கியது. வில்லுப்பாட்டை நேரடியாகத் தொடாத இந்த மாற்றங்கள் வில்லின் அடித்தளத்தைத் தொட்டன. உலோகக் கதிரும் இன்று வில்லாகிறது. பாட்டு மாறாதிருக்கலாம், பனையின் நாரில் பிறந்த அதிர்வும் இரும்பில் பிறக்கும் அதிர்வும் ஒன்றாக இருக்க இயலாது.

மண்கலம் செய்பவரை இசையுலகம் முற்றிலும் மறந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. மானாமதுரையில் கடம் செய்யும் மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது அளித்தது. வாசிப்பவருக்குரிய மேடையில் வனைபவரும் ஏற்றப்பட்டார். கருநாடக இசைக் கச்சேரியின் கடத்துக்குக் கிடைத்த அந்தக் கவனம் கொடைவிழாவின் குடத்துக்கும் உரியது.

அதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. கதிரின் நீளம், நடுவிலும் முனையிலும் அதன் தடிப்பு, நாண் பூட்டிய நிலையில் வளைவின் உயரம், குடத்தின் வாயகலம், சுவர்த்தடிப்பு, எடை, தட்டினால் எழும் சுருதி ஆகியவற்றைக் கோட்டின் இருபுறத்து ஊர்களிலும் அளந்து எழுதவேண்டும். வாய்ச்சியையும் தட்டுப்பலகையையும் உட்கல்லையும் படமெடுத்து, அவற்றின் உறுப்புப் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் அவரவர் பேச்சில் வழங்கும் வடிவிலேயே பதியவேண்டும். பாடல் தொகுப்புகளில் இரு மொழிகளும் உரிமை கோருகின்றன. கருவிச்சொற்களின் அகராதியில் அவை ஒன்றையொன்று நிறைவு செய்யும்.

தமிழ் இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என மூன்று பொருள்கள் உண்டு. உளியால் செதுக்கியது, தச்சனால் செய்யப்பட்டது, குடத்தொடு கட்டியது ஆகிய மூன்றும் ஒரே வேற்றுமையில் அடங்கும். செய்த கருவியையும் செய்தவரையும் உடன் நின்ற பொருளையும் இலக்கணம் ஒரே இடத்தில் வைத்து எண்ணியிருக்கிறது. எல்லையோர வில்லின் வரலாற்றை எழுதுவோரும் அவற்றை அவ்வாறே சேர்த்து எண்ணவேண்டும்.