கூடுதல் பிரதியின் பொருள்: குரோமோசோம் இரட்டிப்பை அறிதலும் குழந்தை வளர்ச்சியும்

நியூசிலாந்து மருத்துவர் ஜே.சி.பி. வில்லியம்ஸ் தம் பெயரால் இன்று அறியப்படும் நோய்க்குறித் தொகுப்பை 1961-இல் விவரித்தார். 7-ஆம் குரோமோசோமின் நீள்கரத்தில் 7கியூ11.23 எனப்படும் இடத்தில், எலாஸ்டின் மரபணு உள்ளிட்ட ஒரு துண்டு இல்லாமற்போவதே அதற்குக் காரணம் என்பது 1993-இல் தெரியவந்தது. அதே துண்டு கூடுதலாக ஒருமுறை அமைந்த குழந்தையைப் பற்றிய அறிக்கையோ 2005-இல்தான் வெளிவந்தது. ஒரே பிழையின் இரு விளைவுகளில் ஒன்று மருத்துவ நூல்களில் இடம்பெற்றுவிட, மற்றது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மறைந்திருந்தது ஏன்?

இந்தக் கேள்வியிலிருந்து இக்கட்டுரை ஒரு வாதத்தை முன்வைக்கிறது. இரட்டிப்பை இழப்பின் மென்மையான மறுபக்கமாகக் கொள்வது பிழை. ‘கூடுதல் பிரதி உள்ளது’ என்ற ஆய்வக வரி பாதி நோயறிதலே. அந்தப் பிரதி எங்கே அமர்ந்திருக்கிறது, யாரிடமிருந்து வந்தது, எத்தகைய குடும்பப் பின்னணியில் செயல்படுகிறது என்பவை தெரிந்தால்தான் நோயறிதல் நிறைவுபெறும்.

1. முகம் காட்டாத கோளாறு

7கியூ11.23 பகுதியின் இரு எல்லைகளிலும் ஏறத்தாழ ஒரேமாதிரியான டி.என்.ஏ. வரிசைகள் உள்ளன. விந்தணுவோ சினைமுட்டையோ உருவாகும் கட்டத்தில் குரோமோசோம் இணைகள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. எல்லை வரிசைகளின் ஒப்புமையால் அவை சிலவேளை இடம் தவறிப் பொருந்திவிடுகின்றன. அப்போது ஒன்றிலிருந்து சுமார் 15 இலட்சம் கார இணைகள் கொண்ட துண்டு விடுபடுகிறது. மற்றதில் அதே துண்டு கூடுதலாகச் சேர்கிறது.

துண்டை இழந்த குழந்தையை அனுபவமுள்ள மருத்துவர் முகச் சாயலைக் கொண்டே ஐயுற முடியும். பெருந்தமனியில் பெரும்பாலும் குறுக்கம் இருக்கும். முன்பின் தெரியாதவரிடமும் ஒட்டிக்கொண்டு பேசும் இயல்பு இருக்கும். இரட்டிப்புள்ள குழந்தையிடம் அப்படிச் சட்டென்று தெரியும் அடையாளம் இல்லை. பேச்சு பிந்துகிறது. சொல்வதைப் புரிந்துகொள்ளும் அளவுக்குச் சொல்லத் தெரிவதில்லை. வெளியார் முன் வாய் திறப்பதில்லை. தாயைப் பிரிந்தால் தாங்குவதில்லை. இவை ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு சமாதானம் உண்டு: ‘அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்’, ‘கூச்ச சுபாவம்’, ‘செல்லம் அதிகம்’. மருத்துவரும் அதையே சொல்லி அனுப்பிவிட இடமுண்டு.

கருவிகளும் கைகொடுக்கவில்லை. காரியோடைப் என்னும் வழக்கமான குரோமோசோம் ஆய்வில், சுமார் 50 இலட்சம் முதல் ஒரு கோடி கார இணைகளுக்குக் குறைந்த மாற்றம் பெரும்பாலும் தென்படாது. குறிப்பிட்ட டி.என்.ஏ. துண்டை ஒளிப்புள்ளியாகக் காட்டும் ஃபிஷ் சோதனையில் புள்ளி இல்லாவிட்டால் இழப்பு எனச் சொல்லிவிடலாம். அடுத்தடுத்து ஒட்டியிருக்கும் இரு பிரதிகளோ ஒரே புள்ளியாகத் தோன்றிவிடும். டி.என்.ஏ.வின் அளவையே எண்ணிப் பார்க்கும் மைக்ரோஅரே வந்த பிறகுதான் இத்தகைய சிறு இரட்டிப்புகள் பரவலாக வெளிச்சத்துக்கு வந்தன. காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம் ஆகியவற்றுக்கு மைக்ரோஅரேயே முதல் ஆய்வாக வேண்டும் என 2010-இல் வெளியான பன்னாட்டு நிபுணர் கருத்தறிக்கை வலியுறுத்தியது. டவுன் நோய்க்குறி போல எளிதில் அறியக்கூடியவற்றைத் தவிர்த்தால், காரியோடைப் சுமார் 3 விழுக்காட்டினரிடம் காரணத்தைக் காட்டுகிறது. மைக்ரோஅரே 15 முதல் 20 விழுக்காட்டினரிடம் காட்டுகிறது என்பது அதன் அடிப்படை.

2. எண்ணிக்கையும் அமைப்பும்

எண்ணத் தெரிந்த கருவிக்கு இடம் தெரியாது. 15கியூ11–13 இரட்டிப்பு இதற்குத் தக்க சான்று. இங்கே கூடுதல் துண்டு 15-ஆம் குரோமோசோமுக்குள்ளேயே செருகப்பட்டிருக்கலாம். அப்போது மொத்தம் மூன்று பிரதிகள். அல்லது இரு துண்டுகள் கண்ணாடிப் பிம்பம்போல இணைந்து, தனியொரு சிறு குரோமோசோமாக நிற்கலாம். அப்போது பொதுவாக நான்கு. இரண்டாம் வகையில் தசைத்தளர்ச்சியும் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் பெரும்பாலும் கடுமையானவை. வலிப்பு வரும் வாய்ப்பும் மிக அதிகம். மைக்ரோஅரே அளவைச் சொல்லும்; துண்டு எங்கே அமர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. அதற்குப் பழைய காரியோடைப்புக்கோ ஃபிஷ் சோதனைக்கோ திரும்ப வேண்டும். புதிய கருவி வந்ததால் பழையது கழிந்துவிட்டது என்ற எண்ணம் இங்கே பொய்க்கிறது.

3. பெற்றோரிடம் கேட்க வேண்டியவை

அதே பகுதி இன்னொரு பாடமும் தருகிறது. தாயிடமிருந்து வரும் 15கியூ இரட்டிப்பு ஆட்டிசத்தோடு தொடர்புடையது. தந்தையிடமிருந்து வருவது அவ்வாறில்லை என 1997-இல் ஓர் ஆய்வு காட்டியது. தந்தைவழிப் பிரதியிலும் பாதிப்பு நேரலாம் என்றாலும், தாய்வழியே கடுமையானது என்ற முடிவு நிலைத்திருக்கிறது. அங்குள்ள யூபிஈ3ஏ மரபணு நரம்பணுக்களில் தாய்வழிப் பிரதியிலிருந்தே இயங்குவது இதற்கு முக்கியக் காரணம்.

‘நலமாக இருக்கும் தாய்க்கும் இதே இரட்டிப்பு உள்ளது, ஆகவே தீங்கில்லை’ என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. எக்ஸ் குரோமோசோமிலுள்ள எம்ஈசிபி2 இரட்டிப்பு அதை உடைக்கிறது. இம்மரபணு செயலிழந்தால் பெண் குழந்தைகளுக்கு ரெட் நோய்க்குறி வருகிறது. அது இரட்டித்தால் ஆண் குழந்தைகளுக்குக் கடும் தசைத்தளர்ச்சி, பேச்சின்மை, வலிப்பு, திரும்பத் திரும்பச் சுவாசத்தொற்று. தாயின் உயிரணுக்களில் இரட்டிப்புள்ள எக்ஸ் பெரும்பாலும் ஒடுங்கிவிடுவதால் அவர் தப்புகிறார். மகனுக்கு வேறு எக்ஸ் இல்லை. இரட்டிப்பு மென்மையானது என்ற பொதுவிதிக்கும் இதுவே மறுப்பு.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு: இரட்டிப்பு தென்பட்டதும் குழந்தையின் எல்லாச் சிக்கலையும் அதன்மேல் ஏற்றிவிடுவது. 22கியூ11.2 இரட்டிப்பு பெரும்பாலும் பெற்றோரிடமிருந்தே வருகிறது. அவர்களில் பலர் இயல்பாக வாழ்கிறார்கள். அத்தகைய குழந்தையிடம் வேறு காரணத்தையும் தேட வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைக்குக் குறை என்றதும் ‘சொந்தத்தில் கட்டியதால்தான்’ என்பது உறவினர் வழங்கும் முதல் தீர்ப்பு. உறவுத் திருமணம் ஒடுங்கு மரபுநோய்களின் வாய்ப்பைக் கூட்டுகிறது. இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருந்தால் அவை வெளிப்படும். 7கியூ11.23 போன்ற இரட்டிப்புக்கு ஒரு பிரதி போதும். பலரிடம் அது பெற்றோரில் இல்லாமல் புதிதாகத் தோன்றுகிறது. மாமன் மகளை மணந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை.

4. அறிவதால் ஆவதென்ன

‘மருந்து இல்லாத நோய்க்குச் சோதனை எதற்கு?’ என்ற எதிர்வாதத்தை ஒதுக்க முடியாது, செலவு உண்மையானது. ஆனால் இடம் தெரிந்தால் கவனிப்பு மாறுகிறது. 7கியூ11.23 இரட்டிப்பில் பெருந்தமனி விரிவடையக்கூடும். இதய எக்கோ எடுத்துத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். பேசாத அக்குழந்தையைப் பிடிவாதக்காரர் எனத் தண்டிக்காமல், பேச்சுப் பயிற்சியோடு பதற்றத்துக்கும் சிகிச்சை தரலாம். 15கியூ இரட்டிப்பில் கைக்குழந்தையின் சிறு திடுக்கிடலையும் வலிப்பாக ஐயுற்று உடனே ஈ.ஈ.ஜி. எடுக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இரட்டிப்பு இருந்தால் அடுத்த குழந்தைக்கு அது செல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. புதிதாகத் தோன்றியதானால் மிகக் குறைவு. அடுத்த குழந்தையைப் பற்றி அஞ்சும் தம்பதிக்கு இந்த வேறுபாடே பெரிய விடை.

ஆகவே ஆய்வக அறிக்கை, இருப்பிடமும் நீளமும் தருவதோடு நின்றுவிடக் கூடாது. அமைப்பு உறுதிசெய்யப்பட்டதா, பெற்றோர் சோதிக்கப்பட்டார்களா என்பதையும் அதில் எழுத வேண்டும். மரபியல் ஆலோசனை இல்லாமல் அதைப் பெற்றோர் கையில் கொடுக்கக் கூடாது. அதற்கு நிகரான இன்னொரு கடமையும் உண்டு. பேச்சுப் பயிற்சியும் இயன்முறைப் பயிற்சியும் தொடங்க எந்த அறிக்கையும் தேவையில்லை. தாமதம் கண்ணில் பட்ட நாளே அவற்றைத் தொடங்க வேண்டிய நாள்.