இசைத் தொகுப்பில் உலாவுதல்: பண்முறை முதல் துனியா வரை

ஆரணியில் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் சேலையின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. என்ன விசேஷம், எவ்வளவுக்குள் வேண்டும், என்ன நிறம் என்று கடைக்காரர் விசாரிப்பார். நாலைந்து சேலைகளை விரித்துப் போடுவார். கரை பிடித்திருக்கிறது, உடல் நிறம் வேறு வேண்டும் என்று பேச்சு நகரும். வேண்டிய சேலை எது என்பது கண்ணில் பட்ட பிறகுதான் வந்தவருக்கே தெரியவரும். பெரிய இசைத் தொகுப்பு ஒன்றுக்குள் நுழைபவரின் நிலையும் பெரும்பாலும் இதுதான். பாட்டின் பெயர் தெரிந்தால் தேடல் பெட்டியில் எழுதிவிடலாம். தெரியாதவர் எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார்?

பெயர் தெரிந்த ஒன்றைக் கண்டெடுப்பதைத் தேடல் என்றும், தெரியாத ஒன்றை வழியில் கண்டுகொள்வதை உலாவல் என்றும் கணினித் துறையினர் பிரித்துச் சொல்வார்கள். தேடலுக்கு ஒரு பெட்டி போதும். உலாவலுக்குத் தொகுப்பையே ஏதாவது ஒரு முறையில் அடுக்கிக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டும் திரையமைப்பை இடைமுகம் என்கிறோம். எந்த முறையில் அடுக்கினாலும் சில பாடல்கள் முன்னால் வரும், சில பின்னால் மறையும். இது கணினியோடு வந்த சிக்கல் அன்று. தமிழில் இதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது.

பண்முறையும் தலமுறையும்

தேவாரப் பாடல்களைச் சோழர் காலத்தில் நம்பியாண்டார் நம்பி திருமுறைகளாக வகுத்தார் என்பது மரபு. ஏடுகள் கிடைத்தபோது பாடும் முறை மறைந்து போயிருந்தது என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்ணே திருஎருக்கத்தம்புலியூரில் பண்களை வகுத்துத் தந்தார் என்றும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. இன்றைய மொழியில் சொன்னால், பாடல்கள் ஒருவரிடமிருந்தும் அவற்றின் விவரக் குறிப்பு இன்னொருவரிடமிருந்தும் வந்தன.

அதன் பிறகு தேவாரத்துக்கு இரண்டு அடுக்குமுறைகள் வழக்கில் நின்றன. ஒன்று பண்முறை: நட்டபாடை, தக்கராகம், பழந்தக்கராகம், தக்கேசி, குறிஞ்சி என்று பண் வாரியாகப் பதிகங்களை வைப்பது. இன்னொன்று தலமுறை: சிதம்பரத்தில் தொடங்கி, நாடு நாடாக, கோயில் கோயிலாக வைப்பது. இரண்டிலும் இருப்பவை அதே பதிகங்கள்தாம். உள்ளே போகும் வாசல்தான் வேறு.

ஆரணிப் பகுதியிலிருந்தே ஒரு எடுத்துக்காட்டுப் பார்க்கலாம். திருவண்ணாமலைக்குத் திருஞானசம்பந்தர் பாடிய பதிகங்கள் இரண்டு. முதல் திருமுறையில் ஒன்று 10ஆம் பதிகம், பண் நட்டபாடை. மற்றொன்று 69ஆம் பதிகம், பண் தக்கேசி. ஒரே மலையைப் பாடிய இரண்டு பதிகங்களுக்கு நடுவே பண்முறையில் 58 பதிகங்கள் நிற்கின்றன. ஆரணிக்குக் கிழக்கே செய்யாற்றில் உள்ள திருவோத்தூர்ப் பதிகமும் (எண் 54, பழந்தக்கராகம்) அந்த இடைவெளியில்தான் வருகிறது. திருநாவுக்கரசர் அண்ணாமலைக்குப் பாடிய மூன்றில் ஒன்று நான்காம் திருமுறையில் திருநேரிசைக்குள்ளும், இரண்டு ஐந்தாம் திருமுறையில் திருக்குறுந்தொகைக்குள்ளும் இருக்கின்றன. தலமுறையில் இந்த ஐந்தும் ஒரே இடத்தில் கூடிவிடும். ஆனால் அப்போது தக்கேசி என்ற பண்ணில் என்னென்ன பதிகங்கள் உள்ளன என்று பார்க்க விரும்பும் ஓதுவார் மாணவர் புத்தகம் முழுவதையும் புரட்ட வேண்டும். யாத்திரை போகிறவருக்குத் தலமுறை வசதி, பாடக் கற்பவருக்குப் பண்முறை வசதி. அச்சுப் புத்தகத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மற்றதைப் பின்னிணைப்பாகத் தரலாம், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுப்பாட்டைக் கணினி நீக்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் 2007இல் குறுந்தட்டாக வெளியிட்ட மின் தேவாரத்தை ழான்-லுக் செவியார், எஸ். ஏ. எஸ். சர்மா ஆகியோர் உருவாக்கினர். வி. எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பு, சொல்லடைவு, தலங்களின் நிலப்படங்கள் எல்லாம் அதில் பாடலோடு கோக்கப்பட்டிருந்தன. பதிக எண்ணைக் கொண்டும் நுழையலாம், ஊரைக் கொண்டும் நுழையலாம், ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டும் நுழையலாம்.

பெயருக்குள் ஒளிந்த எண்

கருநாடக இசையில் 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி எழுதிய சதுர்தண்டிப் பிரகாசிகை, ஏழு சுரங்களும் அமையக்கூடிய 72 மேளங்களைக் கணக்கிட்டது. பின்னர் மேளப் பெயர்களின் முதல் இரண்டு எழுத்துகளே மேள எண்ணைச் சொல்லும்படி கடபயாதி முறையில் பெயர்கள் அமைக்கப்பட்டன. தீரசங்கராபரணத்தில் ‘தீ’ 9, ‘ர’ 2. திருப்பிப் போட்டால் 29. மேசகல்யாணியில் ‘மே’ 5, ‘ச’ 6, திருப்பினால் 65. இரண்டுக்கும் வேறுபாடு 36. எண் 36ஐத் தாண்டினால் சுத்த மத்யமம் போய்ப் பிரதி மத்யமம் வரும் என்பது அட்டவணையின் விதி. ஆகவே கல்யாணி என்பது மத்யமம் மட்டும் மாறிய சங்கராபரணம் என்பதை, பாட்டைக் கேட்காமலே, பெயரைக் கொண்டே சொல்லிவிடலாம். ஒன்றிலிருந்து பக்கத்தில் உள்ள மற்றொன்றுக்குப் போக வழி காட்டுவதுதான் உலாவலுக்கான இடைமுகத்தின் வேலை என்றால், மேளகர்த்தா அட்டவணையை அதில் சேர்க்கத் தயங்க வேண்டியதில்லை.

அதன் குறையும் தெரிந்ததே. சுரங்களை வைத்து அடுக்குவதால், ஒரே சுரங்களைக் கொண்டு வெவ்வேறு கமகத்தாலும் பிடிகளாலும் வேறுபடும் ராகங்கள் அட்டவணையில் ஒரே வீட்டில் வந்து உட்காரும். காதுக்குத் தெரியும் வேறுபாடு கட்டத்துக்குத் தெரியாது.

இசைத்தட்டிலிருந்து ஒலிநாடா வரை

இந்தியாவில் கிராமபோன் பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. பதிவு செய்த மெழுகுத் தட்டுகள் கப்பலில் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குப் போய் அங்கே இசைத்தட்டாக அச்சாகித் திரும்பி வந்தன. யார் பாடியது என்று அங்குள்ள தொழிலாளர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். விவரக் குறிப்பு ஒலிக்குள்ளேயே பதிந்த அரிய காலம் அது. மேல்தாள் கிழிந்து போனாலும் பாடகர் பெயர் போகாது.

பின்னர் வந்த கருநாடக இசைத்தட்டுகளின் வட்ட மேல்தாளில் பாடகர், பாட்டு, ராகம், தாளம் ஆகியவை இடம்பெற்றன. பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். வயலினும் மிருதங்கமும் வாசித்தவர்கள் பெயருக்கு அந்தச் சிறு வட்டத்தில் பெரும்பாலும் இடம் கிடைக்கவில்லை. திரைப்பாட்டில் நிலைமை இன்னும் மோசம். 1949இல் வந்த மஹல் என்ற இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டில் பாடகியின் பெயரால் வரவில்லை, படத்தில் அதைப் பாடும் பாத்திரமான காமினியின் பெயரால் வந்தது. பாடியவர் லதா மங்கேஷ்கர். இன்று அவர் பெயரை எல்லோரும் அறிவோம். அந்தக் காலத்தில் மேல்தாளில் இடம்பெறாமல் போன மற்றப் பின்னணிப் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் எந்த இடைமுகமும் மீட்டுத் தர முடியாது. விவரமே இல்லாத இடத்தில் உலாவ வழி இல்லை.

தமிழர் திரைப்பாட்டை நினைவில் வைத்துக்கொண்டது படத்தின் பெயரால்தான். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் படத்துக்கு ஒன்று. வானொலியில் முதலில் படம், பிறகு பாடியவர்கள் என்று அறிவிப்பார்கள். எண்பதுகளில் சிறு நகரங்களில் பெருகிய ஒலிப்பதிவுக் கடைகளில், விருப்பப் பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வெற்று ஒலிநாடாவில் பதிந்து தருவார்கள். கடைக்காரரே அங்கே இடைமுகம். பாதி வரியை முணுமுணுத்தால் போதும், அவர் படத்தைச் சொல்லிவிடுவார். ‘இது பிடித்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று அவர் செய்த பரிந்துரை, பல வீடுகளின் இசை ரசனையைத் தீர்மானித்தது என்று சொன்னால் மிகை இல்லை.

முப்பது எழுத்துப் பெட்டி

எம்பி3 கோப்பின் வாலில் விவரம் ஒட்டும் ஐடி3 முறையை 1996இல் எரிக் கெம்ப் உருவாக்கினார். மொத்தம் 128 பைட். பாட்டின் பெயருக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30. இசைவகையைக் காட்ட ஒரே ஒரு பைட். வகைப் பட்டியலில் முதலில் இருந்தவை 80. புளூஸ், ஜாஸ், டிஸ்கோ, ராக் இவற்றுக்கெல்லாம் அதில் எண் உண்டு. கருநாடக இசைக்கு இல்லை. தமிழ் எழுத்தை அந்தப் பெட்டி ஏற்காது என்பதால் எல்லாப் பெயரும் ஆங்கில எழுத்தில் ஏறின, ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். இளையராஜா மூன்று நான்கு பேராகப் பிரிந்தார்.

2001இல் வந்த ஐபாட், கலைஞர், தொகுப்பு, பாட்டு என்ற மூன்று படிகளைச் சக்கரத்தைச் சுழற்றி இறங்கும்படி அமைத்து உலகம் முழுவதும் பழக்கிவிட்டது. மேற்கத்தியப் பாடகர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. தமிழ்த் திரைப்பாட்டில் ‘கலைஞர்’ யார்? இசையமைப்பாளரா, பாடியவரா? பாடலாசிரியருக்குப் பெட்டியே இல்லை. கச்சேரிப் பதிவில் சிக்கல் வேறு விதம். முத்துசுவாமி தீட்சிதர் கலைஞரா, அவர் கிருதியைப் பாடியவர் கலைஞரா? பலர் ராகப் பெயரைத் தொகுப்பின் பெட்டியில் எழுதிச் சமாளித்தார்கள். சரியான தந்திரம்தான், ஆனால் வீட்டுக்கு வீடு வேறு தந்திரம்.

படிவரிசையையே விட்டுவிடும் முயற்சிகளும் அப்போது நடந்தன. 2001இல் வியன்னாவில் எலியாஸ் பாம்பால்க், ஒலியின் ஒற்றுமையைக் கணினியே அளந்து, ஒத்த பாடல்கள் தீவுகளாகத் திரளும் நிலப்படம் ஒன்றை உருவாக்கினார். பார்க்க அழகு. ஆனால் தம்புரா ஒலிக்கும் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே தீவில் ஒதுக்கிவிடும் ஆபத்து இத்தகைய அளவீட்டில் உண்டு. அதற்குள் தோடியும் பைரவியும் எப்படிப் பிரியும் என்பதுதான் நம் கேள்வி.

துனியா

அந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்ட திட்டம் காம்ப்மியூசிக். பார்சலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில், ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியுடன் 2011இல் தொடங்கியது. கருநாடகம், இந்துஸ்தானி, துருக்கிய மகாம், பெய்ஜிங் இசைநாடகம், அரபு-அந்தலூசிய இசை என்று ஐந்து மரபுகள். கருநாடக இசைப் பகுதியில் சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியின் குழு பங்கேற்றது. ஆய்வின் விளைவுகளைப் பொதுமக்கள் உலாவிப் பார்க்க அமைத்த இணையதளத்துக்குத் துனியா என்று பெயர். பல மொழிகளில் ‘உலகம்’ என்று பொருள்.

துனியாவில் கலைஞர், தொகுப்பு, பாட்டு என்ற படி இல்லை. கச்சேரி, கலைஞர், வாத்தியம், ராகம், தாளம், உருப்படி ஆகிய எல்லாமே வாசல்கள். ஒரு மிருதங்கக் கலைஞரின் பக்கத்துக்குப் போனால் அவர் வாசித்த கச்சேரிகள் தெரியும், அங்கிருந்து பாடியவருக்கும், பாடிய ராகத்துக்கும் தாவலாம். இசைத்தட்டு மேல்தாள் விட்டுவிட்ட பக்கவாத்தியக்காரர் இங்கே தானே ஒரு வாசலாகிறார். ஒரே ராகத்துக்கு வழங்கும் பல ஆங்கில எழுத்துக்கூட்டல்களை ஒன்றாகக் கட்டும் வேலையும் நடந்தது. கருநாடகத் தோடியும் இந்துஸ்தானி தோடியும் பெயரால் ஒன்று, சுரத்தால் வேறு. இதை அறியாத தேடல் பெட்டி இரண்டையும் ஒரே பட்டியலில் கொட்டும்.

ஒலியை அளப்பதிலும் மரபின் அறிவு தேவைப்பட்டது. ஒருவர் ஒரு கட்டைச் சுருதியில் பாடுவார், இன்னொருவர் ஐந்தரைக் கட்டையில் பாடுவார். இருவர் பாடுவதும் கல்யாணிதான் என்பது ரசிகருக்கு உடனே தெரியும். அதிர்வெண்ணை மட்டும் பார்க்கும் கணினிக்குத் தெரியாது. முதலில் ஆதார சுருதியைக் கண்டுபிடித்து, மற்றச் சுரங்களை அதற்கு ஒப்பிட்டு அளக்க வேண்டும். துனியாவின் பதிவுப் பக்கத்தில் பாட்டு ஓட ஓடச் சுரக்கோடு ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். கற்கும் மாணவருக்கு இது பெரிய உதவி. பொழுதுபோக்காகக் கேட்பவருக்கு அந்தப் பக்கம் ஆய்வுக்கூடம் போலத் தோன்றும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கூத்துக்கு எந்தப் பெட்டி?

ஐந்து மரபுகளில் திரைப்பாட்டும் இல்லை, தெருக்கூத்தும் இல்லை. ஆரணி, செய்யாறு வட்டாரத்தில் பங்குனியிலும் சித்திரையிலும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது விடிய விடியக் கேட்கும் இசை கூத்துப் பாட்டுதான். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை, கண்ணப்பத் தம்பிரானால் உலகம் அறிந்த கூத்து ஊர். இரவு முழுவதும் நடக்கும் ஒரு கூத்தின் ஒலிப்பதிவை எந்தப் பெட்டியில் இடுவது? ‘பாட்டு’ என்று தனியாக வெட்டி எடுத்தால் விருத்தமும் வசனமும் கட்டியக்காரனின் கேலியும் சிதறும். இயற்றியவர் என்ற பெட்டியில் எழுதும் பெயரைவிட வாத்தியார் வழியாகக் கைமாறிய பாடமே முக்கியம். முகவீணை வாசித்தவரையும் பின்பாட்டுக்காரரையும் விட்டுவிட்டால் கூத்தின் ஒலியே போய்விடும்.

ஆனால் கூத்து பார்க்கிறவர்களிடம் ஓர் அடுக்குமுறை ஏற்கெனவே இருக்கிறது. எந்த ஊர், எந்த ஜமா, என்ன கதை என்றுதான் கேட்பார்கள். துகிலுரிதலா, அர்ச்சுனன் தபசா, கர்ண மோட்சமா? அதற்குப் பிறகு கர்ணன் வேடம் யார் என்று கேட்பார்கள். கைப்பேசியில் பதிந்து இணையத்தில் ஏற்றுகிறவர்களும் தலைப்பில் கதை, ஊர், ஜமா என்றே எழுதுகிறார்கள், ஒரே வரியில், புள்ளி கூட இல்லாமல். ஊரையும் ஜமாவையும் கதையையும் தனித்தனி வாசல்களாகப் பிரித்து வைத்தால், செய்யாற்றில் பார்த்த கர்ண மோட்சத்தை ஆரணி ஜமாவின் கர்ண மோட்சத்தோடு அடுத்தடுத்து வைத்துக் கேட்கலாம். இப்போதைக்கு அந்த ஒற்றை வரித் தலைப்பில் ஊரின் பெயர் தவறாக அடிக்கப்பட்டிருந்தால் அந்த இரவின் கூத்து யார் கண்ணிலும் படுவதில்லை.