வியன்னா அடுப்புக்குப் போன காடு

செக் நாட்டின் தென்மேற்கு மூலையில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, ஷுமாவா மலைக்காடு இருக்கிறது. அக்டோபரில் அங்குள்ள பீச் மரங்கள் செம்பு நிறத்தில் பழுத்து நிற்கும். அவற்றின் அடியில் கருங்கல் கரை கட்டிய ஒரு வாய்க்கால், மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. நாலு மீட்டர் அகலம்கூட இராது. ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர். பெயர் ஷ்வார்ட்சென்பெர்க் கால்வாய். இதில் படகு போனதில்லை. போனதெல்லாம் விறகு.

18ஆம் நூற்றாண்டில் வியன்னா நகரம் விறகுக்குத் தவித்தது. ஷ்வார்ட்சென்பெர்க் சிற்றரசர்களின் இந்தக் காட்டிலோ விறகு குவிந்து கிடந்தது, கொண்டுபோக வழியில்லை. இங்குள்ள ஓடைகள் வடக்கே வல்டாவா ஆற்றில் சேர்ந்து, எல்பே வழியாக வட கடலுக்குப் போகின்றன. வியன்னாவுக்குப் போகும் டான்யூப், மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம். அந்தச் சமஸ்தானத்தின் வன ஊழியர் யோசப் ரோசனாவர் ஒரு வழி கண்டார். வடபக்க ஓடைகளை மறித்து, மென்மையான சரிவில் வளைத்து வளைத்து ஓட்டி, முகடு தாழ்ந்த இடத்தில் தென்பக்கம் திருப்பிவிடுவது. வட கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் கருங்கடல் பக்கம் திரும்பியது. 1789இல் தோண்டத் தொடங்கினார்கள். 1820களில் கால்வாயை மேலும் நீட்டியபோது, யெலெனி என்ற இடத்தில் 400 மீட்டருக்கும் மேல் மலையைக் குடைந்தார்கள். மொத்த நீளம் சுமார் 50 கி.மீ. ஆனது.

ஒரு பீச் கட்டையின் பயணத்தைத் தொடர்ந்து பார்க்கலாம். மரத்தை வெட்டி, ஒரு மீட்டர் அளவில் துண்டு போடுவார்கள். பச்சை பீச் கனம் அதிகம். ஈரம் வற்றினால்தான் நன்றாக மிதக்கும். பனிக்காலத்தில் சறுக்குவண்டியில் ஏற்றிக் கால்வாய்க் கரைக்கு இறக்கி, அடுக்கி வைப்பார்கள். வசந்தத்தில் பனி உருகியதும் மதகுகள் திறக்கும். தண்ணீர் போதாதபோது மேலே ப்ளெஷ்னே ஏரியில் தேக்கியதைத் திறந்துவிடுவார்கள். கட்டைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகரும். கரை நெடுக ஆட்கள் துறட்டுக்கோலுடன் நிற்பார்கள். வளைவில் ஒரு கட்டை குறுக்கே விழுந்து மாட்டினால் பின்னால் வருவதெல்லாம் அடைத்துக்கொள்ளும், கரை உடையும். முகடு தாண்டியதும் சரிவு கூடி, ஓட்டம் வேகமெடுக்கும். க்ரோசே மூல் ஆறு கட்டைகளை அடித்துக்கொண்டு போய், நொய்ஹவுஸில் டான்யூபிடம் சேர்க்கும். அங்கே கரையேற்றிப் படகில் அடுக்கினால், இன்னும் 200 கி.மீ.க்கும் மேல் கீழே வியன்னா. பிறகு ஏதோ ஒரு வீட்டின் கணப்பில் ஒரு மாலைப்பொழுதின் வெப்பமாகிச் சாம்பலாகும்.

ரயிலும் நிலக்கரியும் வந்தபின், 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் வியன்னா விறகுப் பயணம் நின்றது. செக் பகுதியில் மட்டும் 1960களின் தொடக்கம்வரை மரம் மிதந்தது.

இந்தக் கால்வாய் பொறியியலின் பெருமை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் கரையில் நடப்பவர் மரங்களையும் பார்க்க வேண்டும். வெட்டிய இடங்களில் பெரும்பாலும் ஸ்ப்ரூஸையே நட்டார்கள்; சீக்கிரம் வளரும், நேராக வளரும். அதனால்தான் பீச்சின் செம்பு நிறம் திட்டுத்திட்டாக நிற்க, நடுவில் கரும்பச்சை ஸ்ப்ரூஸ் அணிவகுக்கிறது. ஒரே இனமாக நிற்கும் தோப்பைப் புயலும் பட்டைவண்டும் எளிதில் சாய்த்துவிடும். 2007இல் கிரில் புயல் ஷுமாவாவில் அதைக் காட்டிவிட்டுப் போனது.

வல்டாவாவுக்கு வடக்கே போபீன் மலையில், அதே சமஸ்தானத்தின் வன அதிகாரி யோசப் யோன் பழங்காட்டின் ஒரு பகுதியை வெட்டாமல் காக்கச் சொன்னார். 1858இல் சிற்றரசர் அதை ஏற்றார். பீச்சும் ஃபிர்ரும் ஸ்ப்ரூஸும் கலந்து, விழுந்த மரத்தின் மேலேயே கன்று முளைக்கும் காடு அது. ரோசனாவரை நினைக்கும் அளவுக்கு யோனையும் நினைக்க வேண்டும். கால்வாயைப் பார்க்கப் போகிறவர்கள் போபீனையும் பார்க்காமல் திரும்பக் கூடாது. வெட்டியது எவ்வளவு என்பது வெட்டாமல் விட்ட இடத்தில்தான் தெரியும்.