மயக்கமும் விறைப்பும்



1846 டிசெம்பர் 21ஆம் திகதி, லண்டன் யூனிவர்சிற்றி கொலிஜ் வைத்தியசாலையில் றொபேட் லிஸ்ரன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், ஈதர் ஆவியை முகரவைத்து ஒரு நோயாளியின் காலை அகற்றினார். நோயாளிக்கு வலி தெரியவில்லை. 1853இல் விக்ரோறியா மகாராணியின் பிரசவத்துக்கு லண்டன் வைத்தியர் ஜோன் ஸ்நோ குளோரோபோம் கொடுத்தார்.

ஆனால் 1848இலேயே, நியூகாசில் அருகே கால்விரல் நகம் அகற்றக் குளோரோபோம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி ஹன்னா கிறீனர் இறந்திருந்தாள். முழு மயக்கம் மூளையோடு நிற்பதில்லை. மூச்சையும் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் தளர்த்தும்.

மாற்றுவழி 1884இல் வியன்னாவில் பிறந்தது. கார்ல் கொல்லர் கொக்கெயின் துளிகளால் கண்ணை மட்டும் விறைக்கச் செய்தார். விறைப்பு மருந்து நரம்பின் செய்தியை அந்த இடத்திலேயே மறிக்கும், நினைவு தப்பாது. ஆனால் அளவு மிஞ்சினால் வலிப்பு வரலாம், இதயமும் பாதிக்கப்படலாம்.

"மயக்கினால் எழும்பமாட்டேன்" என்று எங்கள் மூத்தோர் அஞ்சுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. இன்றோ, மயக்கமருந்து வைத்தியர் சிகிச்சை முடியும்வரை மூச்சையும் இதயத்தையும் கண்காணிக்கிறார். எடுக்கும் மருந்துகளையும் ஒவ்வாமையையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். விறைப்பு ஊசி போதுமா என்று கேளுங்கள். ஆங்கிலம் தடையென்றால், பிள்ளைகளை நம்பியிராமல் வைத்தியசாலையிடமே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.